யாரை முதலில் எழுதுவது?

மழைவெள்ளம் வடிந்த பின் பங்கு மன்றத்தில் கூடும் கூட்டங்கள் நமக்குப் பழக்கமானவை. பாய் விரித்த தரையில் அன்பியப் பொறுப்பாளர்கள் அமர்ந்திருப்பார்கள். கையிலிருக்கும் தொகை சிறிது, தேவையோ பெரிது. கோவில் சுற்றுச்சுவர் விழுந்துவிட்டது என்பார் ஒருவர். பிள்ளைகளின் பாடநூல்கள் நனைந்துவிட்டன என்பார் இன்னொருவர். வலைகளையும் இயந்திரங்களையும் முதலில் சீர்செய்தால்தான் அடுப்பெரியும் என்பார் மூன்றாமவர். சற்று நேரத்தில் குரல்கள் உயரும். உரக்கப் பேசத் தெரிந்தவர், நன்கொடை தந்தவர், பங்குத்தந்தைக்கு அருகில் அமர்ந்தவர் ஆகிய மூவரில் ஒருவருடைய கருத்து, அனைவருடைய கருத்தாகக் குறிப்பேட்டில் ஏறிவிடும். செபத்துடன் தொடங்கிய கூட்டம் செபத்துடன் முடியும். வீடு திரும்பும் வழியில்தான், கூட்டத்திற்கே வராத ஒருவரின் முகம் நம்மில் சிலருக்கு நினைவுக்கு வரும்.

இத்தகைய முடிவுகள் வெறும் நிருவாகக் காரியங்கள் என்றெண்ணி நாம் அமைதி கொள்கிறோம். ஆனால் பட்டியலில் யாரை முதலில் எழுதுவது, யாரைக் கடைசியில் எழுதுவது, யாரை எழுதாமலே விடுவது என்பவை அறநெறிக் கேள்விகள். பாவசங்கீர்த்தனத்திற்குப் போகும்போது நாம் தனிமனிதராகச் செய்த குற்றங்களை எண்ணிப் பார்க்கிறோம். குழுவாக அமர்ந்து, ஆராயாமல், ஒருமனதாகச் செய்த அநீதிகளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு குழு நேர்மையாக முடிவெடுப்பது எங்ஙனம்? கண்ணால் கண்ட உண்மைகளுக்கு அம்முடிவில் என்ன இடம்? வடசென்னைக் கடற்கரையின் அனுபவங்களை முன்வைத்து இதனைச் சற்றே சிந்திப்போம்.

அக்கடற்கரையில் ஓர் ஊருக்கே இராயப்பரின் பெயர் வாய்த்திருக்கிறது. இன்று திருப்பலி வாசகங்களில் பேதுரு என்று நாம் கேட்கும் திருத்தூதரை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். இராயபுரத்தில் அவர் பெயரால் ஆலயமும் உண்டு. அவர் செய்த தொழிலை இன்றும் செய்வோரும் உண்டு. கையில் திறவுகோல் ஏந்தியவராகவே அவரைப் படங்களில் பார்த்துப் பழகிய நாம், அதிகாரத்தின் உருவமாகவே அவரை எண்ணுகிறோம். திருத்தூதர் பணிகள் நூலின் 11ஆம் அதிகாரமோ வேறோர் இராயப்பரைக் காட்டுகிறது. விருத்தசேதனம் செய்துகொள்ளாத கொர்னேலியுவின் வீட்டுக்குச் சென்று உண்டார் என்று எருசலேமில் இருந்தவர்கள் அவரைக் குறை கூறுகிறார்கள். தலைமைத் திருத்தூதர் நினைத்திருந்தால் ஒரு சொல்லில் அவர்கள் வாயை அடைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நடந்ததை முதலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கிறார்: தாம் எங்கே இருந்தார், என்ன கண்டார், யார் வந்தார்கள், பின்பு என்ன நிகழ்ந்தது என்று. தம்முடன் வந்த ஆறு சகோதரரையும் சாட்சிகளாகக் குறிப்பிடுகிறார். கேட்டவர்கள் அமைதியடைந்தார்கள்; பின்பு கடவுளைப் புகழ்ந்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் உள்ளன. அதிகாரம் உள்ளவரும் தம் முடிவுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது ஒன்று. அக்காரணத்தை மற்றவர் சோதித்துப் பார்க்கக்கூடிய முறையில் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. சான்று என்னும் சொல்லுக்கு நாம் தரக்கூடிய எளிய பொருளும் இதுவே: நம்மை நம்பச் சொல்லி வற்புறுத்தாமல், ‘வந்து பாருங்கள்’ என்று அழைப்பது.

இவ்வழைப்பின் அருமையை எண்ணூர் மக்கள் நன்கறிவார்கள். 2017 சனவரி 28ஆம் நாள் விடியுமுன் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. பெரும் பாதிப்பு ஏதுமில்லை என்ற வகையிலேயே முதலில் செய்திகள் வந்தன. கரையில் ஒதுங்கிய கரிய எண்ணெய்க் குழம்போ வேறு கதை சொல்லியது. மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வாளிகளைக் கொண்டு அதனை அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. தன் குழாய்களில் கசிவு ஏதும் இல்லை என்றது அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம். வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்திற்குப் படிந்த கறுப்புக் கோட்டை மக்கள் சுட்டிக் காட்டினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நிறுவன வளாகத்திலிருந்தே எண்ணெய் மழைநீரோடு வெளியேறியது என்ற செய்தி அதன் பின்னரே அதிகாரப்பூர்வமாக ஏடேறியது.

அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்பு, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. முதலில் அறிந்தவை மூக்கும் தொண்டையும்தாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருளில் ஓடினார்கள். பின்னர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, 400 மைக்ரோகிராம் என்ற வரம்பிருக்க, ஆலை வாயிலருகே ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற வரம்பிருக்க, கடல்நீரில் 49 மில்லிகிராம் இருந்தது. மூச்சுத் திணறியவர்களுக்கு இந்த எண்கள் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. ஆயினும் அவர்கள் சொல்லைக் கேளாத இடங்களில் எண்கள் கேட்கப்பட்டன. சுற்றியுள்ள 33 ஊர்களின் மக்கள் ஒன்றுகூடி, ஆலையை மூடுக என்று மாதக்கணக்கில் அமர்ந்தபோது, தம் அனுபவத்தோடு அளவீட்டையும் சேர்த்தே அவர்களால் பேச முடிந்தது.

ஒரு வரைபடத்தின் கதையும் உண்டு. எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் சுமார் 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பைக் காட்டும் வரைபடம் 1996இலேயே மத்திய அரசின் ஒப்புதலைப் பெற்றிருந்தது. பின்னாளில் வழங்கிய வேறொரு வரைபடத்தில் அந்நீர்ப்பரப்பு மறைந்துபோயிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகப் பழைய வரைபடம் 2017இல் வெளிச்சத்திற்கு வந்தது. ஆறு எங்கே இருக்கிறது என்று அன்றாடம் அதில் இறங்குபவருக்குத் தெரியும். ஆனால் ‘இங்கே ஆறு இருக்கிறது’ என்பதற்கும் தாள் வேண்டியிருந்தது. இதில் ஓர் அவலமும் உண்டு, ஓர் ஆறுதலும் உண்டு. எளியவரின் சொல் தாளில்லாமல் எடுபடுவதில்லை என்பது அவலம். வலியவரின் சொல்லும் தாளின் முன் தலைகுனியக்கூடும் என்பது ஆறுதல்.

ஆகவே சான்றைப் போற்றுகிறோம். ஆயினும் இங்கே நின்றுவிட்டால் பாதி உண்மையோடு நின்றவராவோம். என்ன நடந்தது என்று சான்று சொல்லும். யாரை முதலில் தூக்கிவிடுவது என்று அது சொல்லாது. அத்தேர்வு நம்முடையது. ‘புள்ளிவிவரம் இப்படிச் சொல்கிறது’ என்று அத்தேர்வின் பொறுப்பை எண்களின் தலையில் ஏற்றிவிட முடியாது. ஏனெனில் எதை எண்ணுவது என்று முன்னரே தீர்மானித்தவர்களும் நாம்தாம்.

எண்ணெய்க் கசிவுக்குப் பின் 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 8 கோடியே 68 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய். பாதிப்புற்ற மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். தொகை போதுமா என்பது இங்கே நம் கேள்வியன்று. இம்மூன்று வரிகளுக்குள் எத்தனை தீர்ப்புகள் அடங்கியிருக்கின்றன என்பதையே நோக்குவோம். யார் மீனவர்? படகின் உரிமையாளரா, கூலிக்குக் கூடச் செல்பவரா? கழுத்தளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவர் எவ்வரியில் வருவார்? கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண், கரிய நீர் பற்றிய செய்தியால் யாரும் மீன் வாங்காத நாள்களில் இழந்ததை எந்தப் பதிவேடு காட்டும்? படகுக்குப் பதிவெண் உண்டு, எண்ணுவது எளிது. கூடைக்குப் பதிவெண் இல்லை. எண்ணுவதற்கு எளிதானதே முதன்மையானது என்று நம்மை அறியாமல் நாம் கொண்டுவிடும் ஆபத்து, பட்டியல் எழுதும் எல்லாருக்கும் உண்டு. பங்குப் பேரவைக்கும் உண்டு.

இதனை நம் கடற்கரை முன்பே ஒருமுறை பட்டறிந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், தமிழகக் கடலோரத்தின் பல குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் தலைக்கட்டுப் பட்டியலைக் கொண்டே நிவாரணம் பங்கிடப்பட்டது. தலைக்கட்டு என்பது ஊர்வரி செலுத்தும் குடும்பம். பெரும்பாலும் அதன் ஆண்மகன் பெயரிலேயே அது நிற்கும். அப்பட்டியலை யாரும் வஞ்சனையாகப் புனையவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடல் தொழிலை ஒழுங்குபடுத்தவும், திருவிழாச் செலவைப் பங்கிடவும் உதவிய நேர்மையான பட்டியல் அது. ஆயினும் கணவனை இழந்த பெண்கள் பல ஊர்களில் அதில் இல்லை. மீனவச் சாதியைச் சேராத தலித் குடும்பங்களும் இருளர் குடும்பங்களும் அதில் இல்லை. ஒரு காரியத்திற்காக எழுதப்பட்ட பட்டியல், அதற்குத் தொடர்பில்லாத வேறொரு காரியத்திற்குச் சான்றாக எடுத்தாளப்பட்டது. அனைவரும் முறைப்படியே நடந்தார்கள். கைம்பெண்ணோ வெறுங்கையோடு நின்றாள்.

திருச்சபையின் முதல் நிருவாகச் சிக்கலே இதுதான் என்பதை நாம் எத்தனை முறை கவனித்திருக்கிறோம்? திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பு எழுகிறது. பன்னிருவர் அம்முணுமுணுப்பை ஒழுங்கீனம் என்று அடக்கவில்லை. ‘எழுத்துமூலம் ஆதாரம் கொண்டு வாருங்கள்’ என்று அக்கைம்பெண்களைத் திருப்பி அனுப்பவும் இல்லை. சீடர் அனைவரையும் கூட்டினார்கள். பொறுப்பேற்க எழுவரைத் தேர்ந்துகொள்ளுமாறு அவர்களிடமே விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன் என்று தேர்வான எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே இருக்கின்றன. குறைப்பட்ட தரப்பினரிடமே பங்கீட்டுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று இதிலிருந்து உய்த்துணரலாம். முணுமுணுப்பும் ஒரு சான்றே. தாளில்லாதவரிடமிருந்து முதலில் வரும் சான்று அதுவே. அதனை எடுத்துக்கொண்டு உண்மையைத் தேடிச் செல்ல வேண்டிய கடமை, வலிமையும் ஓய்வும் உள்ளவர்களைச் சார்ந்தது.

சான்று சொல்பவரின் தகுதியைக் கண்டு மயங்குவது மற்றொரு பொறி. தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் சூசன்னாவின் கதையை வாசிக்கிறோம். மூப்பர் இருவர் அவள்மீது பழி சுமத்துகிறார்கள். அவர்கள் மூப்பர்களும் நடுவர்களுமாக இருந்தமையால் சபை முழுவதும் நம்பிவிடுகிறது, மரணதண்டனையும் விதித்துவிடுகிறது. தானியேல் என்னும் இளைஞர் செய்தது மிக எளிய செயல். இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். ஒரு கேள்வி, ஓர் உயிரைக் காத்தது. சபையார் கொடியவர்கள் அல்லர்; கேட்கத் தவறியவர்கள், அவ்வளவே. ஒருவர் பேசியபின் அதையே வழிமொழியும் வழக்கமுள்ள நம் கூட்டங்களில், ஒவ்வொருவரும் தாம் கண்டதை மற்றவர் கருத்தைக் கேட்குமுன் தனியே எழுதித் தரும் வழக்கம் வந்தால், எத்தனை ஒருமனத் தீர்மானங்கள் குலையும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பெல்சிய நாட்டுக் குருவான கர்தைன் 1920களில் தொழிற்சாலை இளைஞர்களிடையே தொடங்கிய இயக்கம் இவ்வொழுக்கத்தை ஒரு முறையாகவே வகுத்தது: காண்பது, சீர்தூக்குவது, செயல்படுவது. 1961இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் ‘மாத்தேர் எத் மஜிஸ்திரா’ என்ற தம் சுற்றுமடலில் இம்மூன்று படிகளைத் திருச்சபையின் சமூகப் போதனையைச் செயல்படுத்தும் வழியாகப் பரிந்துரைத்தார். நம் அன்பியங்களிலும் இளைஞர் மன்றங்களிலும் இச்சொற்கள் பழகிப்போனவை. ஆனால் நடைமுறையில் நாம் முதற்படியை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறோம். அல்லது மூன்றாம் படிக்கு அஞ்சி, முதற்படியிலேயே ஆண்டுக்கணக்கில் அமர்ந்துவிடுகிறோம். ‘இன்னும் ஆய்வு தேவை’ என்பது சில வேளைகளில் பணிவு. பல வேளைகளில் தப்பித்தல். காத்திருப்பதும் ஒரு முடிவே. அதன் விலையைக் கொடுப்பவர் காத்திருக்கச் சொன்னவர் அல்லர். நச்சுக் காற்றில் உறங்கும் குழந்தை.

சீர்தூக்கும் படியில் இன்னொரு கேள்வியும் எழ வேண்டும்: இக்கூட்டத்தில் ‘நாம்’ என்று சொல்வது யாரை? இதற்கும் வடசென்னைக் கரையே பாடம் சொல்கிறது. சோழமண்டலக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்தபோது, அம்மணல் தெற்கே தடுக்கப்பட்டு மெரினாவாக விரிந்தது. வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கரை கரைந்தது. நகரம் உலாவ ஓர் அகன்ற மணற்பரப்பைப் பெற்றது. குப்பங்கள் தெருக்களை இழந்தன. பின்னர்க் கரையைக் காக்கக் கற்சுவர்களும் தூண்டில் வளைவுகளும் வந்தன. அவற்றிலும் அதே விதி தொடர்கிறது: ஓரிடத்தில் மணலைப் பிடித்து நிறுத்தும் கல், அடுத்த இடத்திற்கு வரவேண்டிய மணலைத் தடுக்கிறது. தன் கரையைக் காக்க வேண்டும் என்று ஒரு குப்பம் கேட்பது முழுவதும் நியாயமே. ஆனால் அந்த முடிவின் விளைவு வடக்கே உள்ள குப்பத்தின் வாசலில் வந்து நிற்கும். அக்குப்பத்தார் அன்றைய கூட்டத்தில் இல்லை. மணலின் போக்கை ஆராய்ந்து சொல்பவரே அவர்களுக்காக அங்கே பேசுகிறார். சான்று செய்யும் மிகப் பெரிய தொண்டு இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது: கூட்டத்திற்கு வராதவரை அது கூட்டத்திற்குள் அழைத்து வருகிறது, ‘நாம்’ என்ற சொல்லின் எல்லையை விரிக்கிறது.

இவ்வாறெல்லாம் கணக்குப் பார்ப்பது விசுவாசத்திற்கு ஏற்றதா என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். இரவெல்லாம் உழைத்தும் மீன் கிடைக்காதபோது, ஆண்டவர் சொல்லை நம்பி வலை வீசியவர்தானே இராயப்பர்? உண்மை. ஆனால் வலை வீசுமுன் அவர் செய்ததையும் மறந்துவிடலாகாது. இரவு முழுவதும் உழைத்தும் ஒன்றும் அகப்படவில்லை என்ற உண்மையை ஆண்டவரிடமே அவர் மறைக்காமல் சொன்னார். வெறும் வலையை வெறும் வலை என்று ஒப்புக்கொண்ட பிறகே அவர் துணிந்தார். விசுவாசம் உண்மை நிலையைக் கண்டு அஞ்சாத துணிவு. அதை மூடி மறைக்கும் போர்வையாக நாம் அதைப் பயன்படுத்தும்போது, ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று நாம் சொல்வதன் பொருள், ‘நாங்கள் பார்க்க மாட்டோம்’ என்பதாகிவிடுகிறது. மேலும், சான்றுகள் அனைத்தையும் சீர்தூக்கிய பிறகும், எண்ணிக்கையில் சிறிய ஒரு கூட்டத்தை, நலிவு மிகுதி என்பதால் முதலில் எழுதும் உரிமை நமக்கு உண்டு. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பரும் எண்ணிப் பார்த்தவரே. எண்ணியதால்தான் ஒன்று குறைகிறது என்று அவருக்குத் தெரிந்தது. அன்பினால்தான் அந்த ஒன்றை முதலில் வைத்தார். எண்ணாத மேய்ப்பருக்கு இழப்பே தெரிந்திராது. அன்பில்லாத மேய்ப்பருக்கோ அது ஒரு நூற்றுமேனிக் கணக்கு மட்டுமே.

அடுத்த மழைக்காலம் வரும். பங்கு மன்றத்தில் மீண்டும் பாய் விரிப்போம். நிதி அப்போதும் போதாமலே இருக்கும். அனைவரையும் நிறைவு செய்யும் பட்டியல் எதுவும் அப்போதும் அமையாது. ஆயினும் சில பழக்கங்களை நாம் இப்போதே தொடங்கலாம். கூடுவதற்கு முந்தைய நாள் இருவர் இருவராகத் தெருக்களில் நடந்து, கண்டதை எழுதி வரலாம். கண்டது இது, கேள்விப்பட்டது இது, நாமாக ஊகித்தது இது என்று பிரித்துச் சொல்லலாம். முடிவோடு அதன் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதி, யார் வேண்டுமானாலும் கேட்குமாறு வாசிக்கலாம். மூன்று மாதம் கழித்து அதே குறிப்பேட்டைத் திறந்து, நாம் எண்ணியபடி நடந்ததா என்று பார்த்து, தவறியிருந்தால் தவறினோம் என்று அதிலேயே எழுதலாம். தவற்றை ஒப்புக்கொள்வதால் தலைமை தாழ்ந்துவிடாது. மறுதலித்து அழுதவர்தாம் மந்தையைக் காக்கும் பொறுப்பைப் பெற்றார்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, தொடக்கச் செபம் முடிந்ததும் ஒரு நிமிடம் அமைதி காத்து, இங்கே வராதவர் யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். பெயர்கள் ஒவ்வொன்றாக வரும்: கால்வாயோரத்துக் கைம்பெண், இறால் தடவும் இருளர், வடக்கே உள்ள குப்பத்தார். அப்பெயர்களைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிவிட்டு, பிறகு நம் கோரிக்கைகளைப் பேசத் தொடங்குவோம்.